பெட்டிதான் புதுசு, பாடம் பழசு



பயிற்சி முடித்து வெளியூர் பெக்டரியில் சேர்ந்த நம் தோட்டத்துத் தம்பி ஒருவர், முதல் கிழமையே எங்களிடம் வந்துவிட்டார். "ஐயா, நான் படிச்சது சீமென்ஸ். அங்க இருக்கிறது மிட்சுபிஷி. ஒண்ணும் விளங்கல, வேலைய விட்டுறப் போறேன்" என்றார். எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரையும் கூப்பிட்டு, மூவருமாக உட்கார்ந்து கையேட்டைப் புரட்டினோம். விளங்கியதை இங்கே தருகிறோம்.

பி.எல்.சி. என்பது மோட்டார், விசிறி, பெல்ட் முதலியவற்றை நாம் எழுதிக் கொடுக்கும் ஒழுங்கில் ஓட்டும் சிறு கொம்பியூட்டர். 1960களின் கடைசியில் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளில் ரிலேக்களுக்குப் பதிலாக வந்தது. ஏணி மாதிரிப் படம் வரைந்து அதற்கு வேலை சொல்கிறோம். ஏணியின் ஒவ்வொரு படியிலும் இடப்பக்கம் சுவிட்ச், வலப்பக்கம் மோட்டார். எந்தக் கம்பனியானாலும் இந்த அடிப்படை ஒன்றுதான். மாறுபவை இவை:

1. பெயர். சீமென்ஸில் முதல் சுவிட்ச் ஐ0.0, முதல் மோட்டார் கியூ0.0. மிட்சுபிஷி எப்.எக்ஸ். வகையில் எக்ஸ்0, வை0. இதில் எக்ஸ்7க்கு அடுத்தது எக்ஸ்10. எக்ஸ்8, எக்ஸ்9 கிடையாது.

2. நேரம். சீமென்ஸில் 5 செக்கன் என்றே எழுதலாம். எப்.எக்ஸில் டி0 என்ற டைமர் 0.1 செக்கனாக எண்ணும். 5 செக்கனுக்கு கே50 என்று எழுத வேண்டும். மறந்து கே5 போட்டால் அரைச் செக்கனிலேயே பெல்ட் ஓடும். பக்கத்தில் நிற்பவர் கையை எடுக்க நேரமிருக்காது.

ஆகவே பிள்ளைகளே, ஓடுகிற மெசினில் பழகாதீர்கள். மேசையில் ஒரு பல்பு, ஸ்டார்ட் பட்டன், ஸ்டொப் பட்டன் வைத்துப் பழகுங்கள். ஸ்டொப் பட்டனை, அழுத்தாதபோது கரண்ட் போகும்படி கட்டுங்கள். அப்போதுதான் வயர் அறுந்தாலும் மெசின் நிற்கும். பழைய புரோகிராமைப் பிரதி எடுக்காமல் எதையும் மாற்றாதீர்கள். அவசர ஸ்டொப்பைப் புரோகிராமை மட்டும் நம்பி விடாதீர்கள். அதற்குத் தனி வயர் வேண்டும்.

பெற்றோரே, "தெரியாது, சொல்லிக் கொடுங்க" என்று கேட்பதில் வெட்கமில்லை என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். கேட்காமல் கை வைப்பதுதான் ஆபத்து. அந்தத் தம்பி வேலையை விடவில்லை. அடுத்த நாளே மேலதிகாரியிடம் போய்க் கேட்டார். மேசையில் பழக இரண்டு கிழமை கொடுத்தார்கள்.