முகச் சுருக்கமும் முகப்பூச்சும்



வயதானால் தோல் சுருங்குவது அல்லாஹ் வைத்த இயல்பு. ஆனால் நாற்பது வயதுக்குள்ளேயே முகம் வரி விழுந்து தளர்ந்தால், அதற்குப் பெரும்பாலும் வெயிலும் புகையிலையுமே காரணம்.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர், தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்னும் நாரைச் சிதைக்கிறது. 2012-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 69 வயது ஓட்டுநர் ஒருவரின் படம் வெளியானது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் ஆழமான சுருக்கங்களுடன் தடித்திருந்தது. ஜன்னலை மூடியிருந்தாலும் இக்கதிரில் ஒரு பகுதி கண்ணாடி வழியே உள்ளே வரும். வளைகுடாவில் வண்டி ஓட்டும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

சுருக்கத்தை மறைக்கவும் நிறம் கூட்டவும் முகப்பூச்சு தேடுவோர் பலர். கூத்தாநல்லூர், பொதக்குடி, முத்துப்பேட்டை போன்ற நம் ஊர்களுக்கு வெளிநாட்டுப் பெட்டிகளில் விதவிதமான கிரீம்கள் வந்து சேர்கின்றன. இவ்வகைக் கிரீம்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதலில் முகம் பளபளக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, நரம்பு தெரியும். சிலவற்றில் பாதரசமும் உண்டு. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒரே வகைச் சிறுநீரக நோய் கண்ட 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் பூசியவர்கள் என மருத்துவர்கள் கண்டறிந்தனர். அழகுக்குப் பூசியது சிறுநீரகத்தைத் தாக்கியது!

நாம் செய்ய வேண்டியவை:

1. காலை 10 முதல் மாலை 4 வரை வெளியே போனால் குடை, தொப்பி, முழுக்கைச் சட்டை அவசியம்.

2. வெயிலில் வேலை செய்பவர்கள் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் பூசலாம். தோலில் தண்ணீர் படுவதற்காக, அதை நன்றாகக் கழுவிவிட்டு உளூ செய்து, தொழுத பின் மீண்டும் பூசுங்கள்.

3. பீடி, சிகரெட்டை விட்டுவிடுங்கள். புகை தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது.

4. தயாரிப்பாளர் முகவரியும் உட்பொருள் விவரமும் இல்லாத கிரீமை யார் அன்பளிப்பாகத் தந்தாலும் பூசாதீர்கள்.

5. அத்தகைய கிரீமை ஏற்கெனவே பூசி வருபவர்கள், டப்பாவுடன் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கால் வீக்கமோ சிறுநீரில் நுரையோ இருந்தால் தாமதிக்க வேண்டாம்.

பெண் பார்க்க வரும்போது நிறத்தைப் பேசும் வழக்கம் நம் வீடுகளில் ஒழிந்தால், இந்த டப்பாக்களுக்கு வேலையே இராது. உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணிக் காப்போம், இன்ஷா அல்லாஹ்.