வயிறு நிறைந்தால் போதுமா?



சென்ற ஆண்டு நம் வளாகத்தில் குருதிக் கொடை முகாம் நடந்தது. நானும் ஆவலோடு சென்று வரிசையில் நின்றேன். விரல் நுனியில் ஒரு துளி எடுத்துப் பார்த்த செவிலியர், "உனக்கே போதவில்லையே அம்மா, பிறருக்கு எப்படிக் கொடுப்பாய்?" என்று கனிவோடு சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். குருதி கொடுப்பவருக்கு 100 மில்லி லிட்டரில் 12.5 கிராம் ஈமோகுளோபினாவது இருத்தல் வேண்டும். எனக்கு இருந்ததோ 10 கிராம்! வேளை தவறாமல் வயிறார உண்டு வந்தவள் நான். பசி அறியாதவளின் குருதியில் பற்றாக்குறை! வயிறு நிறைவது வேறு, உடல் நிறைவது வேறு என்னும் உண்மையை அன்றுதான் உணர்ந்தேன்.

அன்றிரவு விடுதியில் இதுவே பேச்சாயிற்று. தஞ்சைத் தோழி, "சோறும் பருப்பும் மோரும் உண்டு வாழ்ந்த நம் முன்னோருக்கு என்ன குறை?" என்றாள். கிருஷ்ணகிரித் தோழியோ, "சோறுதான் உன்னைக் கெடுத்தது, களியும் கீரையும் உண்டு பார்" என்றாள். தூத்துக்குடித் தோழி மீனும் முட்டையும் இல்லாமல் வலிமை ஏது என்று வாதாடினாள். சைவ உணவே சால்புடைத்து என்றாள் நான்காமவள். நால்வரும் என் நலம் நாடியே பேசினர். எனினும் நால்வர் சொல்லும் நால்வகை. யார் சொல் மெய்? நடுநிலையோடு ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் சோறு. நம் நீலகிரியின் குன்னூரில் மக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர் 1920களில் ஓர் ஆய்வு நடத்தினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி என்று உண்ட எலிகள் செழித்தன; தீட்டிய அரிசியையே பெரிதும் உண்டவை மெலிந்தன. இது கேட்டு, "அரிசியே குற்றவாளி" என்று தீர்ப்புக் கூறிவிடலாமா? கூடாது. அவ்வுணவுகளுக்குள் தானியம் மட்டுமா வேறுபட்டது? பாலும் காய்கறியும் அன்றோ வேறுபட்டன! மேலும், நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் வைட்டமின் அரிசியின் உள்ளே ஊறிப் புகுகிறது. அதனால் தீட்டிய பின்னும் ஓரளவு எஞ்சுகிறது. புழுங்கல் அரிசி உண்ட நம் பாட்டியர் அறியாமலே அறிவுடைமை காட்டினர். அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடமே 1958இல் ஐதராபாத்துக்குச் சென்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

அடுத்துக் களி. பெங்களூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கேழ்வரகுதான் பெருமைக்குரிய உணவு. நாம் களி என்பதைக் கன்னடத்தார் முத்தெ என்பர். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. ஆயினும் கேழ்வரகிலுள்ள இரும்புச் சத்து முழுவதையும் உடல் ஏற்பதில்லை. அதிலுள்ள பைட்டேட் என்னும் பொருள் தடுக்கிறது. முளைகட்டி அரைத்தால் அத்தடை குறையும்.

முட்டையைப் பற்றிய வாதம் நம் விடுதியோடு நிற்பதன்று. கருநாடக அரசு 2021 டிசம்பரில் ஏழு மாவட்டங்களின் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை வழங்கத் தொடங்கியது. மடத் தலைவர் சிலர் எதிர்த்தனர். முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரப்பட்டது. உண்ணாதவரின் உரிமையை மதித்தல் கடமைதான். ஆனால் ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமும், வைட்டமின் பி12உம் உண்டு. ஒரு வாழைப்பழத்தில் புரதம் 1 கிராம் அளவே. கொள்கை காக்கப்படலாம், குழந்தையின் உடல் ஏமாற்றப்படலாமா? மாற்று என்றால் ஈடான மாற்றாக இருத்தல் வேண்டும். பாலும் நிலக்கடலையும் அத்தகையவை. சைவ உணவால் நலமாக வாழ முடியும். ஆனால் பி12 தாவரங்களில் கிடைப்பதில்லை என்பதை மறவாமல் பால், தயிர் முதலியவற்றைச் சேர்த்தல் வேண்டும்.

அரிசியின் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனினோ அரிசியில் உண்டு. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. சோறும் பருப்பும் நல்ல நண்பர்கள்! ஆனால் நம் விடுதித் தட்டில் சோறு மலையாகவும் பருப்பு நீராகவும் இருந்தால் நட்பு எங்ஙனம் நிலைக்கும்?

ஆக, நால்வர் சொல்லிலும் உண்மை உண்டு. எவர் சொல்லிலும் முழு உண்மை இல்லை. ஐதராபாத் நிறுவனம் 2024இல் வெளியிட்ட நெறிமுறை, நாள் உணவின் ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்கிறது. என் தட்டிலோ முக்கால் பங்கு சோறு! குறை சோற்றில் இல்லை. அதன் அருகே வேறொன்றும் இல்லாமையில் இருந்தது. போதாக்குறைக்கு, உண்டவுடன் தேநீர் குடிப்பேன். தேநீர் இரும்புச் சத்தை உடல் ஏற்காமல் தடுக்கும் என்பதையும் மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன்.

பின்பு செய்தது என்ன? மருத்துவர் தந்த இரும்பு மாத்திரைகளைத் தவறாமல் உட்கொண்டேன். உணவே மருந்து என்பது அழகிய சொல். ஆனால் நோய் வந்தபின் மருந்தும் வேண்டும். சோற்றைக் குறைத்தேன். பருப்பும் கீரையும் கூட்டினேன். உணவோடு எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்தேன். அவற்றின் வைட்டமின் சி இரும்புச் சத்தை ஏற்க உதவும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தேன். வாரம் இருமுறை முட்டையும் உண்டேன்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் செரித்தபின் அளவறிந்து உண்ணுதலையே வற்புறுத்துகிறார். அளவோடு வகையையும் அறிதல் நம் காலத்துக் கடமை. நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் குருதிச் சோகை உடையவர் என்று 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு கூறிற்று. நம்முள்ளும் பலர் அறியாமலே அவ்வரிசையில் நிற்கலாம். சோர்வைச் சோம்பல் என்று எண்ணி இராதீர்கள். ஒரு துளி கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

இவ்வாண்டு முகாமுக்கு மீண்டும் சென்றேன். ஈமோகுளோபின் 12.8. இம்முறை என்னைத் திருப்பி அனுப்பவில்லை.