சின்னப் பிள்ளை என்றால் சுலபமா?

ஸ்கேனில் "பிள்ளை திரும்பல, எடையும் கம்மி" என்று தெரிந்தால், மண்ணச்சநல்லூர் வீடுகளில் பெரியவர்கள் ஆறுதலாகச் சொல்வார்கள்: "சின்னப் பிள்ளைதானே, வழுக்கிட்டு வந்திரும்."

உண்மை நேர் எதிர். மாதம் நிறையாத குழந்தைக்கு உடம்பு ஒடிசல், தலைதான் பெரிது. கருப்பைவாய் முழுதாக 10 சென்டிமீட்டர் திறக்கும் முன்பே காலும் இடுப்பும் வயிறும் நழுவி வெளியே வந்துவிடலாம்; தலை மட்டும் உள்ளே சிக்கிக்கொள்ளலாம். தொப்புள்கொடியும் அப்போது நசுங்குவதால் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான்.

இதே நம்பிக்கைதான் கர்ப்பிணியின் சோற்றிலும் கை வைக்கிறது. பிள்ளை பெருத்தால் ஆபரேஷன் என்று பயந்து அளவைக் குறைக்கிறார்கள். அரிசி ஆலைகள் நிறைந்த ஊரில் ஒரு தாய் அரைவயிறு சாப்பிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2.5 கிலோவுக்குக் கீழே பிறக்கும் குழந்தைக்கு உடல்சூடு குறையும், சர்க்கரை குறையும், தொற்றும் எளிதில் பற்றும்.

ஏழாம் மாதம் தலை திரும்பவில்லை என்று எண்ணெய் தேய்த்து வயிற்றை உருட்டவே கூடாது. 28 வாரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தை தலை திரும்பாமல்தான் இருக்கும். நிறைமாதத்தில் நூற்றுக்கு மூன்று நான்குதான். பெரும்பாலானவை தானே திரும்பிவிடும். திரும்பாததை 37 வாரத்தையொட்டி, ஸ்கேன் பார்த்து, ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருக்கும் இடத்தில் மருத்துவர் திருப்பிப் பார்ப்பார். சுமார் பாதிப் பேருக்குப் பலிக்கும்.

"கால் முன்னாடின்னா சிசேரியன்தான்" என்பதும் முழு உண்மையல்ல. சிசேரியனே பாதுகாப்பு என்று 2000இல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வு நிறைமாதக் குழந்தைகளைப் பற்றியது. குறைமாதத்தில் வாரம், எடை, வலி எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு. சிசேரியனிலும் தலை சிக்கலாம்.

கால் தெரிந்ததும் பிடித்து இழுப்பது மிகக் கொடிய தவறு. இழுத்தால் குழந்தையின் கை மேலே போகும், தலை பின்னால் சாயும், சிக்கல் இறுகும்.

சுகப்பிரசவம் வேண்டித் தாயுமானவர் சாமிக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்ளுங்கள்; ஆனால் வலி வந்தபின் நல்ல நேரம் பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள். 108ஐ அழைத்ததும் "மாசம் நிறையல, தலை திரும்பல" என்று முதலிலேயே சொல்லுங்கள். கொள்ளிடம் பாலம் தாண்டினால் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. பிறந்தபின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாய் அங்கே போய்ச் சேர்வது நல்லது. 34 வாரத்துக்குள் என்றால் குழந்தையின் நுரையீரல் முதிரத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது முழுப் பலன் தர ஒரு நாளாவது வேண்டும்.