தாழ்சுழற்சியில் டர்போ தளர்வது ஏன்?

ஒசூர்ப் பக்கத்திலிருந்து காய்கறி ஏற்றிப் பெங்களூர் வரும் பிக்கப் வண்டிகளை நாம் அறிவோம். ஓட்டுநர்கள் வண்டியின் இழுவைத் திறனையும் 'பிக்கப்' என்றே சொல்வர். டர்போ பொருத்திய வண்டியும் பாரத்தோடு மேட்டில் கிளம்பும்போது 'பிக்கப் இல்லை' என்ற குறை எழுவதுண்டு. காரணம் யாது?

எஞ்சினுக்கு எரிபொருள் மட்டும் போதாது. அதனை எரிக்கக் காற்றும் வேண்டும். விறகை எவ்வளவு செருகினாலும் ஊதுகுழல் இன்றேல் புகைதானே மிஞ்சும்? டர்போ அத்தகைய ஊதுகுழலே. எஞ்சினை விட்டு வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. இம்முறைக்கு 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. ஊதுகுழலை இயக்குவது புகை. புகையைத் தருவதோ எஞ்சின். நிமிடத்துக்கு 1000 சுற்று என்ற அளவில் எஞ்சின் மெல்லச் சுழலும்போது புகை குறைவு. சக்கரம் வேகம் கொள்வதில்லை. அந்நிலையில் டர்போ இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். 2011இல் ஒசூர் ஆலையிலிருந்து வெளிவந்த அசோக் லேலண்ட் 'தோஸ்த்' வண்டியை எடுத்துக்கொள்வோம். மூன்று சிலிண்டர், 1478 கன சென்டிமீட்டர் டீசல் எஞ்சின். சுமையோ ஒன்றேகால் டன். டர்போ எழும்வரை அச்சிறு எஞ்சின் தன் சொந்த மூச்சிலேயே இழுக்க வேண்டும்.

பெங்களூரில் இத்துன்பம் சற்று மிகுதி. நம் நகர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குக் காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. சக்கரம் வேகம் கொண்டபின் டர்போ இக்குறையை ஈடு செய்துவிடும். 1918இல் அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில், 4,300 மீட்டர் உயரத்தில், சான்ஃபோர்ட் மாஸ் நடத்திய சோதனை இதனை மெய்ப்பித்தது. ஆனால் கிளம்பும் நொடியில் அந்த ஈடு கிடைப்பதில்லை. சென்னையில் எளிதாய்க் கிளம்பும் அதே பாரம் இங்கு மேம்பாலச் சரிவில் திணறுவது இதனால்தான்.

இதற்குப் பரிகாரம் உண்டு. சிறிய சக்கரம் குறைந்த புகைக்கே விரைந்து சுழலும். மிகுந்த புகையைத் திருப்பிவிட ஒரு சிறு கதவு வைப்பர். வேறு சில எஞ்சின்களில், புகை செல்லும் வழியை அசையும் தகடுகள் குறுக்கும்; அகன்ற ஆறு குறுகிய வாய்க்காலில் விரைவதுபோல் புகையும் விரையும். ஓட்டுநர் செய்யத்தக்கது, கீழ் கியருக்கு மாற்றிச் சுற்றை உயர்த்துவது. உயர் கியரில் வைத்தே ஆக்ஸிலேட்டரை மிதித்தால், பழைய எஞ்சின் கரும்புகை கக்கும். புதிய எஞ்சினில் கணினி டீசலைக் குறைத்துவிட, வண்டி மேலும் தளரும்.

நம் உறவினர் பலர் கடன்பட்டு வண்டி வாங்குகின்றனர். குதிரைத்திறனை மட்டும் கேட்டு விலை பேசுகின்றனர். அவர்களுக்கு நாம் சொல்லத்தக்கது ஒன்றுண்டு: முழு முறுக்கு விசை எந்தச் சுற்றில் தொடங்குகிறது என்று கேளுங்கள்; பாரம் ஏற்றி, மேட்டில் நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள்; பிறகு பணம் கொடுங்கள்.