முற்றத்துப் பள்ளி

உங்கள் தெருவில் அங்கன்வாடி இருக்கும். உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ அங்கே போகலாம். அங்கன்வாடி என்ற பெயருக்கு என்ன பொருள்?

'ஆங்கன்' என்றால் முற்றம். இது வட இந்திய மொழிகளில் உள்ள சொல். முற்றத்தில் நடக்கும் பள்ளிதான் அங்கன்வாடி.

மகாராஷ்டிராவில் போர்டி என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. தாராபாய் மோடக் என்ற அம்மையார் 1945இல் அங்கே சிறு பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். அனுதாய் வாக் என்பவர் அவருடன் சேர்ந்து உழைத்தார். ஆதிவாசிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. அதனால் பள்ளி அவர்களைத் தேடிப் போனது. குடிசை முற்றத்தில் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். மாண்டிசோரி அம்மையார் சொன்ன முறையில் கற்பிக்க மரச் சாமான்கள் வேண்டும். அவற்றின் விலை அதிகம். அதற்குப் பதிலாகச் சிப்பி, கூழாங்கல், விதை, இலை ஆகியவற்றை எடுத்துக்கொண்டார்கள். 1957இல் இந்த வேலை கோஸ்பாட் என்ற ஊருக்கு மாறியது. அங்கே மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் நிலத்திலேயே பாடம் நடந்தது!

1975 அக்டோபர் 2இல் மத்திய அரசு குழந்தைகளுக்கான திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் மையங்களுக்கும் அங்கன்வாடி என்றே பெயர். கேரளத்தில் முதலில் மலப்புறம் மாவட்டம் வேங்கரையில் தொடங்கினார்கள்.

இப்போது மட்டாஞ்சேரிக்கு வருவோம். இங்கே வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. பல வீட்டுக்கு முற்றமே இல்லை. டீச்சர் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனால் ஒரு தாய் இப்படிக் கேட்கக்கூடும்:

"டீச்சர், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ பி சி டி எழுதுது. என் பையன் கால் நிறைய மண்ணோடு வர்றான். நீங்க எப்போ பாடம் நடத்துவீங்க?"

இந்தக் கேள்வி நியாயமானது. நமக்கு எழுத்து தாமதமாகக் கிடைத்தது. பிள்ளைக்காவது சீக்கிரம் கிடைக்கட்டும் என்று நினைக்கிறோம்.

ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நீங்கள் முதன்முதலில் பென்சில் பிடித்தபோது விரல் வலித்தது அல்லவா? உழைத்துப் பழகிய கைக்கே அப்படி. மூன்று வயது விரலுக்கு எப்படி இருக்கும்? அந்த விரலுக்கு முதலில் பலம் வேண்டும். மண் பிசைந்தால், புளியங்கொட்டை பொறுக்கினால், இலையைக் கிழித்தால் பலம் வரும். பிறகு பென்சில் தானாக நிற்கும்.

இன்னொன்று, சொல். ஒரு சொல்லின் பொருளை அறிந்த பிள்ளைக்கு அதைப் படிப்பது எளிது. அந்தச் சொல் வெளியில்தான் கொட்டிக் கிடக்கிறது.

மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில், ஃபோர்ட் கொச்சி வெளியில், தோபி கானா இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே துணி வெளுக்கின்றன. அங்கே கொடியில் கிளிப் போடுவதில்லை. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டுவார்கள். முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகுவார்கள். எவ்வளவு காற்று அடித்தாலும் துணி விழாது. ஒரு சிறு பிள்ளை அங்கே கால் மணி நேரம் நின்றால் போதும். ஈரத் துணி கனம், காய்ந்த துணி லேசு. வெயிலில் சீக்கிரம் காயும், நிழலில் காயாது. கஞ்சி போட்டால் விறைக்கும். இதெல்லாம் பாடம்தான். கையால் தொட்டுப் பார்த்த பாடம் மறக்காது.

கடைத்தெருவில் சுக்கு, மிளகு வாசனை வரும். கண்ணை மூடி, எது என்ன என்று கேளுங்கள். மழைக்காலத்தில் காயலில் ஆகாயத்தாமரை மிதந்து வரும். கோடையில் உப்பு ஏறினால் அது வாடிப்போகும். நண்டைக் காட்டினால் டீச்சர் மலையாளத்தில் 'ஞண்டு' என்பார். கொக்கு மட்டும் இரண்டு மொழியிலும் கொக்குதான்! வீட்டில் தமிழும் அங்கன்வாடியில் மலையாளமும் பேசும் நம் பிள்ளைக்கு இது பெரிய உதவி.

கண்ணுக்கும் நன்மை உண்டு. தினமும் பகல் வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

பயமும் இருக்கிறது. காயல் ஆழமானது. சந்தில் வண்டிகள் வேகமாக வரும். ஒரு டீச்சர் இருபது பிள்ளைகளைத் தனியாகக் கூட்டிப் போக முடியாது. கூட்டிப் போகவும் கூடாது. தாய்மார், தாத்தா, பாட்டி முறை வைத்துக்கொண்டு கூடப் போக வேண்டும். காலில் செருப்பு இருக்கட்டும். திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஆள் கிடைக்காத நாளில் ஒரு தொட்டி மண்ணும் நாலு வெண்டை விதையும் போதும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு காலையில் பிள்ளையைக் காயல் படித்துறைக்கு அழைத்துப் போங்கள். கையை விடாதீர்கள். மேல்படியிலேயே நில்லுங்கள். தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது? பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். அன்று மாலை மீண்டும் போய் எண்ணுங்கள். கடல் நீர் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். படியின் எண்ணிக்கையும் மாறும். ஒரு வாரம் இப்படிச் செய்யுங்கள். எண்ணுவது பிள்ளையின் வேலை. தேதி, நேரம், படி மூன்றையும் நோட்டில் எழுதுவது உங்கள் வேலை.