நாம் கற்க வேண்டிய மொழிகள்

தாய்மொழி நமக்குக் கண் போன்றது. ஆயினும், பல இன மக்கள் கூடி வாழும் மலேசியாவில் தாய்மொழியை மட்டுமே அறிந்தவர், தமக்குரிய உரிமையைப் பெறுவதற்கும் பிறர் கையை எதிர்பார்க்க நேருகிறது. நாம் எந்தெந்த மொழிகளைக் கற்க வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலிடம் பெறுவது மலாய்மொழி. 1967ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டம் அதனை அரசாங்க அலுவல் மொழியாக உறுதிப்படுத்தியது. 1951இல் தோன்றிய ஊழியர் சேம நிதியும், 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த சொக்சோவும் தொழிலாளர்க்கு அரணாக விளங்குகின்றன. பால்வெட்டின்போது காயமுற்றவர் சொக்சோ உதவித்தொகை கோரலாம். ஆனால், பாரத்தில் எழுதியிருப்பதை அறியாமல், கிராணியார் காட்டிய இடத்தில் கையொப்பமிடுபவர் தமது கோரிக்கை சரியாக எழுதப்பட்டதா என்பதை எவ்வாறு அறிவார்? ‘சாருமான்’ என்பது சந்தா. ‘துந்துத்தான்’ என்பது கோரிக்கை. இவ்விரு சொற்களை அறிவதும் ஒரு பாதுகாப்பே.

மலாய் நமக்குக் கடினமான மொழியன்று. நமது கப்பல் அங்கே ‘கப்பால்’, கட்டில் ‘காத்தில்’, பெட்டி ‘பெத்தி’, கடை ‘கெடாய்’. அம்மொழியின் வினைச்சொற்கள் காலத்திற்கும் பாலுக்கும் ஏற்ப வடிவம் மாறுவதில்லை. ‘கெர்ஜா’ என்றால் வேலை. ‘பெக்கெர்ஜா’ என்றால் தொழிலாளி. இவ்வாறு ஒரு சொல்லைக் கற்றால் அதனோடு தொடர்புடைய பல சொற்கள் எளிதில் விளங்கும்.

அடுத்தது ஆங்கிலம். அறிவியல், மருத்துவம், பொறியியல் ஆகிய துறைகளின் நூல்கள் பெரும்பாலும் அம்மொழியிலேயே உள்ளன. நம் பிள்ளைகள் உயர்கல்வி பெறுவதற்கு அது துணைபுரியும். மூன்றாவதாக மாண்டரின்மொழியைக் குறிப்பிடலாம். தோட்டத்தை விட்டு நகரில் வணிகத் துறையில் வேலை தேடும் இளைஞர்க்கு அது கூடுதல் தகுதியாகும்.

தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டிலிருந்தே மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கப்படுகின்றன. மலாய்ப் பாடத்தில் தேறாதவர்க்கு எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைப்பதில்லை என்பதைப் பெற்றோர் நினைவிற்கொள்ள வேண்டும். மாலையில் பிள்ளைகள் பாடம் படிக்கையில் பெற்றோரும் உடனமர்ந்து நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் கற்றால், ஓராண்டில் ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட சொற்கள் கைவரும்.

பிறமொழி கற்பதால் தாய்மொழி தேய்வதில்லை. வீட்டில் தமிழைப் பேணுவோம். வெளியில் பயன்படும் மொழிகளையும் பயில்வோம். எந்தத் தாளையும் நாமே படித்தறிந்து, பின்னர்க் கையொப்பமிடும் நிலையை அடைவோமாக!