ஊர்கூடித் தேர் இழுத்தல்

நுழையும்முன்

நகரத்தின் தெருக்கள் அந்நகரத்து மக்கள் அனைவருக்கும் உரியவை. அவற்றில் புதிய தண்டவாளம் பதிக்கப்படும்போது செலவாகும் பொருள் மக்களுடையது. நேரும் இடையூறும் விளையும் பயனும் மக்களுக்கே. ஆகவே, அதுகுறித்துக் கேள்வி எழுப்பும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் இலகு தொடர்வண்டித் தடம் குறித்து நிகழ்ந்த நெடிய பொதுவிவாதத்தை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தேர் நிலைக்கு வர ஊரே வடம் பிடிக்க வேண்டும் என்பர். ஆனால், தேர் எந்தத் தெருவழியே செல்வது, அதற்கு எவ்வளவு செலவிடுவது என்பவற்றில் ஊரார் அனைவரும் ஒரே கருத்தினராக இருப்பதில்லை. கருத்து வேறுபாட்டை முறையாகப் பேசித் தீர்த்த பின்னரே வடம் ஒரே திசையில் இழுபடும்.

மீண்டும் வந்த டிராம்

எடின்பரோவின் பழைய டிராம் வண்டிகள் 1956ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் தம் இறுதிப் பயணத்தை முடித்துக்கொண்டன. பின்னர்ப் பேருந்துகளும் மகிழுந்துகளும் தெருக்களை நிறைத்தன. நெரிசல் பெருகவே, நகரின் நடுப்பகுதிக்குள் நுழையும் மகிழுந்துகளுக்கு நாளொன்றுக்கு 2 பவுண்டு கட்டணம் விதித்துப் பொதுப் போக்குவரத்தை மேம்படுத்தலாம் என்று மாநகர மன்றம் கருதியது. 2005இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்பட்டபோது, வாக்களித்தோருள் நான்கில் ஏறத்தாழ மூவர் அதனை மறுத்தனர். எனினும், டிராம் திட்டம் கைவிடப்படவில்லை. விமான நிலையத்தையும் லீத் துறைமுகப் பகுதியையும் நகரின் நடுவழியாக இணைக்க 2006இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்ட ஒப்புதல் அளித்தது.

இருதரப்பு வாதங்கள்

ஒரே வண்டியில் ஏறத்தாழ 250 பேர் செல்லலாம். தெருவில் புகை வெளிப்படாது. துறைமுகத்தின் பழைய நிலங்கள் புதிய குடியிருப்புகளாக மலரும் என்பன ஆதரித்தோரின் வாதங்கள். நகரில் பொதுத்துறைப் பேருந்துகள் நன்முறையில் இயங்குகின்றன. பேருந்தின் வழியை வேண்டியபோது மாற்றலாம், தண்டவாளத்தை மாற்ற இயலாது. ஆண்டுக்கணக்கில் தெருவைத் தோண்டினால் சிறுவணிகர் நலிவர் என்பன எதிர்த்தோரின் வாதங்கள். இரண்டிலும் உண்மை இருந்தது.

2007இல் ஆட்சிக்கு வந்த சிறுபான்மை அரசு திட்டத்தைக் கைவிட விரும்பியது. எதிர்க்கட்சிகள் ஒன்றுகூடி வாக்களித்து அதனைக் காத்தன. 50 கோடிப் பவுண்டுக்கு மேல் தர இயலாது என வரம்பு விதித்த அரசு, மேற்பார்வையிலிருந்தும் பெருமளவு ஒதுங்கிக்கொண்டது.

மண்ணுக்கடியில் மறைந்திருந்த செலவு

2008இல் கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தானபோது திட்டத்துக்கென இருந்த நிதி 54.5 கோடிப் பவுண்டு. தண்டவாளம் பதிக்கும்முன் தெருவுக்கடியில் உள்ள குடிநீர்க் குழாய், எரிவாயுக் குழாய், தொலைபேசி வடம் ஆகியவற்றை இடம்மாற்ற வேண்டும். இப்பணி எதிர்பார்த்ததைவிட நீண்டது. லீத் பகுதியில் இடைக்கால மக்களின் கல்லறைகள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. கூடுதல் செலவை யார் ஏற்பது என ஒப்பந்த நிறுவனங்களுக்கும் திட்டத்தை நடத்திய நிறுவனத்துக்கும் பூசல் மூண்டது. புகழ்பெற்ற பிரின்சஸ் தெருவில் போட்ட தளமே வெடித்ததால், மீண்டும் தோண்ட நேர்ந்தது.

2011 ஆகஸ்டில், நகரின் மையத்தை எட்டுமுன்னரே ஹேமார்க்கெட்டில் தடத்தை முடித்துக்கொள்ள மன்றம் வாக்களித்தது. எஞ்சிய நிதியை நிறுத்துவதாக அரசு எச்சரிக்கவே, அடுத்த வாரமே அம்முடிவை மாற்றியது. இறுதியில் 14 கிலோமீட்டர் தடம் 2014 மே 31இல் திறக்கப்பட்டது. செலவு 77.6 கோடிப் பவுண்டு என அப்போது கூறப்பட்டது. தடமோ லீத் பகுதியை எட்டவில்லை. முழுத் தடத்துக்கென வாங்கிய 27 வண்டிகளுள் பல தேவைக்கு மிகுதியாயின.

இரண்டாம் விவாதம்

நேர்ந்த பிழைகளை ஆராய, முன்னாள் நீதிபதி ஹார்டி பிரபு தலைமையில் 2014இல் விசாரணை தொடங்கியது. அதன் அறிக்கை வருமுன்பே தடத்தை நியூஹேவன்வரை நீட்டிக்கலாமா என்பது புதிய வினாவாயிற்று. ‘பட்டறிவின் பாடத்தைப் படிக்காமல் மீண்டும் தோண்டுவதா?’ என்றனர் ஒருசாரார். ‘வண்டிகள் காத்திருக்கின்றன, மக்கள் நெருங்கி வாழும் லீத் பகுதியை விட்டுவிட்ட தடம் பாதிக் கிணறு அன்றோ?’ என்றனர் மறுசாரார்.

2019 மார்ச்சில் மன்றம் நீட்டிப்புக்கு ஒப்புதல் தந்தது. இம்முறை குழாய்ப் பணியும் தண்டவாளப் பணியும் தனித்தனியே நடைபெறவில்லை. ஓரிடத்தை ஒருமுறை தோண்டி, எல்லாப் பணிகளையும் முடித்தபின் மூடினர். வணிகர்க்கென உதவித் திட்டமும் வகுக்கப்பட்டது. 20.73 கோடிப் பவுண்டு மதிப்பீட்டுக்குள் முடிந்த அத்தடம் 2023 ஜூன் 7இல் திறக்கப்பட்டது. விசாரணை அறிக்கை அதற்கும் பின்னர், செப்டம்பரில்தான் வெளிவந்தது.

விவாதத்தின் அடித்தளம்

திட்டத்தை நடத்த மாநகர மன்றம் அமைத்த நிறுவனமே பிழைகளுக்கு முதன்மைப் பொறுப்பு என்றது அறிக்கை. மன்றத்தையும் அரசையும்கூட அது விட்டுவைக்கவில்லை. வாக்களிக்க வேண்டிய மன்ற உறுப்பினர்களுக்குத் துல்லியமான தகவல்கள் சென்றுசேரவில்லை என்பதையும் சுட்டியது. காலத்தாழ்வுக்கும் மிகைச்செலவுக்கும் மக்கள் எழுப்பிய கேள்விகள் காரணமல்ல. அக்கேள்விகளுக்கு உண்மையான விடை கிடைக்காமையே பெருங்காரணம். தகவல் மறைக்கப்பட்ட இடத்தில் ஆதரவும் எதிர்ப்பும் ஒருங்கே வலுவிழக்கின்றன.

இன்று டிராமில் செல்வோருள் அதனை ஆதரித்தோரும் உண்டு, எதிர்த்தோரும் உண்டு. தேர் அனைவருக்கும் பொது. அதன் கணக்கும் அனைவருக்கும் பொதுவாக இருத்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

இலகு தொடர்வண்டி, சாலையிலோ தனித்தடத்திலோ பதிக்கப்பட்ட தண்டவாளத்தில் பெரும்பாலும் மேல்நிலை மின்கம்பியிலிருந்து ஆற்றல் பெற்று இயங்குவது. எடின்பரோவின் வண்டி ஒவ்வொன்றும் ஏழு பகுதிகள் கொண்டது, நீளம் 42.8 மீட்டர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் நிறைவேறிய பொதுப்பணி ஒன்றால் பயன்பெற்றோரையும் இடையூறு அடைந்தோரையும் சந்தித்து, இருவர் கருத்தையும் தொகுத்து எழுதுக.

2. ‘பேருந்தா? இலகு தொடர்வண்டியா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக. பின்னர், எதிரணியின் வலிமையான வாதம் ஒன்றை ஏற்று ஒரு பத்தி எழுதுக.